நூல் போகாத நிலம்

பாஷையூர் ஜெறோம் ஒரு வீட்டு நிலத்துக்கு ரைல்ஸ் கல் பதித்து முடித்தால் கூலியை உடனே கேட்கமாட்டார். முதலில் நூல் கேட்பார்.

வீட்டுக்கார அம்மா தன் சேலைத் தலைப்பிலிருந்து ஒரு நூலை உருவ வேண்டும். அவரே முழங்காலில் இருந்து, இரண்டு ரைல்ஸுக்கு நடுவே அதை நுழைத்துப் பார்க்க வேண்டும். நூல் போகாது. வளையும், நெளியும், விரலில் சுருண்டுகொள்ளும், உள்ளே மட்டும் போகாது. ஜெறோம் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு நிற்பார். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். காதுகள் மட்டும் சிவக்கும். அந்தச் சிவப்புக்காகவே மனுசன் இருபத்திரண்டு வருடம் முழங்கால் தேய உழைத்தார் என்றாலும் பிழையில்லை. "நூல் ஜெறோம்" என்று கேட்டால் அரியாலைப் பக்கம் சின்னப் பிள்ளையும் வழி காட்டும்.

அவருடைய தகப்பன் கடற்றொழிலாளி. பதினாறு வயதில் ஜெறோமையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போனார். கரை விளக்கு மறையுமுன்னே பையன் சத்தியெடுத்தான். அன்று மீன்களுக்கு நல்ல சாப்பாடு. அடுத்த நாளும் அதே கதை, அதற்கடுத்த நாளும் அதே கதை. நான்காம் நாள் தகப்பன் வலையை மடித்தபடி, "உனக்கு நிலம்தான்ரா சரி" என்றார். அது ஏச்சா வாழ்த்தா என்று ஒருவருக்கும் தெரியாது. ஜெறோம் வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டார்.

ஆடாத ஒன்றைத் தேடி மேசன் வேலைக்குப் போனார். சாரத்தில் ஏறினால் அதுவும் ஆடியது. இறங்கி இறங்கி, இனிமேல் இறங்க இடமில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். நிலத்துக்கு ரைல்ஸ் பதிக்கிற வேலை. அதிலிருந்து விழுவதற்கு வழியே இல்லை.

நடுவில் இரண்டு வருடம் கட்டாரில் இருந்தார். அங்கே மேற்பார்வைக்கு ஒரு பிலிப்பைன்ஸ்காரர். "சுவரோரம் விரலகலம் விடு, ரைல்ஸுக்கு நடுவிலும் இடைவெளி விடு, கீழே கொங்கிறீற்றில் எங்கே கோடு இருக்கிறதோ மேலேயும் அந்த இடத்தில் கோடு விட்டு றப்பர் மாதிரிப் பசையை நிரப்பு" என்று அந்த ஆள் உயிரை வாங்குவார். நிலம் நடக்கும், நிலம் நடக்கும் என்று இரண்டு கையையும் விரித்துச் சுருக்கிக் காட்டுவார். ஜெறோம் தலையை ஆட்டிவிட்டு உள்ளுக்குள் சிரிப்பார். நேராக வைக்கத் தெரியாதவன் சொல்கிற சாட்டு! கடல் நடக்கும். நிலம் நடக்குமா?

ஊர் திரும்பியதும் முதல் வீட்டிலேயே நூல் கேட்கத் தொடங்கினார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. காதில் எப்போதும் ஒரு கறுப்பு மாக்கர் செருகியிருக்கும். அளவு, கணக்கு, மனைவி தனுஷா போனில் சொல்கிற சாமான் எல்லாவற்றையும் கொங்கிறீற்றிலேயே எழுதுவார். அதன்மேல் ரைல்ஸ் ஏறிவிடும், பிறகு யார் பார்க்கப்போகிறார்கள்? அரியாலையில் ஒரு சுத்த சைவ வீட்டுச் சாமியறைக்குக் கீழே "கணவாய் ஒரு கிலோ, பெரிசாப் பாத்து" என்று எழுதியிருக்கிறது. அந்த வீட்டார் இன்றைக்கும் அதன்மேல்தான் விழுந்து கும்பிடுகிறார்கள்.

அரியாலைப் பூரணம் அக்காவின் வீட்டுக்கு ஜெறோம் போனது இந்த ஏப்ரலில். அக்காவின் ஒரே மகன் கோகுலனுக்குக் கலியாணம். இங்கே வழக்கமாக மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் சீதன வீட்டுக்குப் போவார். ஆனால் அளவெட்டியில் மணப்பெண் கஜந்தினியின் வீடு அவளுடைய அக்காவுக்கு எழுதியாகிவிட்டது. கோகுலனோ கஜந்தினியைத்தான் கட்டுவேன் என்று நின்றான். ஆகவே பெண் இங்கே வருவதென்று முடிவாயிற்று. பூரணம் அக்கா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. "வீடில்லாமல் வாறவள்" என்பது மட்டும் மனதில் ஒரு முள்ளாகக் கிடந்தது.

வருகிற சனத்துக்கு ஹோல் காணாதென்று முன் விறாந்தைச் சுவரை உடைத்து, மண் நிரப்பி, புதுக் கொங்கிறீற் போட்டுப் பழைய ஹோலோடு சேர்த்திருந்தார்கள். பழைய கொங்கிறீற்றுக்கு நாற்பது வயது. புதியது பன்னிரண்டு நாள் குழந்தை. இரண்டும் சந்தித்த இடத்தில், சுவருக்குச் சுவர், மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. ஜெறோம் குனிந்து நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் போனது.

"அக்கா, ஒரு மாசம் காய விட்டால் நல்லது."

"ஒரு மாசமோ? தம்பி, கலியாணம் இருபத்திநாலாந் திகதி. சனம் சீமெந்திலையே இருந்து சாப்பிடுறது? நீர் நூல் போகாமல் பதிக்கிற ஆளெல்லே. உமக்கு உதொரு வெடிப்பே?"

காது சிவந்துவிட்டது. ஜெறோம் மாக்கரை எடுத்து வெடிப்புக்குப் பக்கத்தில் என்னவோ எழுதினார். பிறகு தூசியைக் கழுவக்கூட நேரமில்லாமல் பசையைப் பூசி, சுவரிலிருந்து சுவர்வரை, இரண்டடி ரைல்ஸை ஒன்றோடொன்று இறுக்கி அடித்துப் பதித்து முடித்தார். பூரணம் அக்கா கூறைச்சேலை வாங்கப் போகுமுன் நூல் விட்டுப் பார்த்தார். போகவில்லை.

கலியாணம் முடிந்து பன்னிரண்டாம் நாள், உச்சி வெயில். கஜந்தினி சாப்பாட்டு மேசைக்குச் சோற்றுப் பாத்திரத்தைக் கொண்டு ஹோலைக் கடக்கிறாள். திடீரென்று வெடி.

வெடியென்றால் உண்மையாகவே வெடிச் சத்தம். பூரணம் அக்கா பழைய பழக்கத்தில், யோசிக்காமலே, நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் உடம்பு அதை மறக்கவில்லை. படுத்த வாக்கில் கண்ணைத் திறந்து பார்த்தார். நிலத்தோடு நிலமாக இருந்ததால் அவருக்கு எல்லாம் நல்ல வடிவாகத் தெரிந்தது. ஹோலின் நடுவே ரைல்ஸ் இரண்டிரண்டாகச் சாய்ந்து கூரை மாதிரி எழும்பி நின்றன. அந்த வரிசை சுவரிலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் மருமகளின் வலது கால்.

அன்று பின்னேரமே ஜெறோமைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். உம்மடை வேலையிலை ஏதும் பிழையோ?"

அந்த இடத்தில் "ஓம்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் கோகுலனின் அலுவலக நண்பர் இருவர் பக்கத்தில் நின்றார்கள். இருவருக்கும் புது வீடு. இருவருமே ஜெறோமுக்கென்று வேலையை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"என்ரை வேலையிலை உப்பிடி ஒரு நாளும் நடந்ததில்லை அக்கா," என்றார் ஜெறோம். "எனக்கே விளங்கேல்லை."

வேலையில் பிழை இல்லையென்றால் பிழை வேறெங்கோ இருக்கத்தானே வேண்டும்? பூரணம் அக்கா மெல்லத் திரும்பி மருமகளின் காலைப் பார்த்தார்.

அடுத்த புதன்கிழமை ஜெறோம் உடைந்த ரைல்ஸை மாற்ற வந்தார். ரைல்ஸ்காரருக்கு ஒரு வசதி உண்டு. நிலத்தில் குந்தியிருக்கிற மனிதனை வீட்டுக்காரர் கதிரை, மேசை மாதிரித்தான் நினைப்பார்கள். அவருக்கு முன்னால் எதையும் கதைப்பார்கள்.

"சாத்திரியார் மூண்டு மாசத்துக்குக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார்," என்றார் பூரணம் அக்கா அறைக்குள்ளிருந்து. "பிள்ளை தாய் தேப்பனோடை இருக்கட்டும். பேந்து பாப்பம்."

"மூண்டு மாசமோ? சனம் என்னம்மா சொல்லும்?" இது கோகுலன்.

"வீடு பிளந்தால் மட்டும் சனம் சொல்லாதோ? நாளைக்குப் பின்னேரம் கொண்டுபோய் விடு. வெள்ளிக்கிழமை வீட்டுப் பிள்ளையை அனுப்பக்கூடாது."

இதுதான் பூரணம் அக்கா. பிள்ளையைத் துரத்துவதென்றாலும் நல்ல நாள் பார்த்து, மரியாதையாகத் துரத்துவார். கோகுலன் "ஓம்" என்றான். தாய்க்கு முன்னால் அவனுக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான்.

முன்வாசலில் ஒரு நிழல் விழுந்தது. "அண்ணை, தேத்தண்ணி."

கஜந்தினி நின்றாள். குசினிக்கும் ஹோலுக்கும் பத்தடிதான். ஆனால் அவள் குசினிப் பின்கதவால் இறங்கி, கிணற்றடியைச் சுற்றி, மதிலோரமாக நடந்து, முன்வாசலால் வந்திருந்தாள். கால் முழுக்க மணல். தேத்தண்ணி வழியிலேயே ஆறிவிட்டது.

"ஏன் பிள்ளை உவ்வளவு தூரம் சுத்தி வாறீர்?"

"ஹோலை மிதிக்க வேண்டாமாம்." சிரித்தாள். "என்ரை காலிலை உவ்வளவு பாரம் இருக்கெண்டு எனக்கே இப்பத்தான் தெரியும். நாப்பத்தெட்டுக் கிலோ அண்ணை, சேலையோடை சேத்து."

ஜெறோமுக்குச் சிரிக்க வரவில்லை.

"வந்த அண்டைக்கே விரலாலை தட்டிப் பாத்தனான்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "எங்கடை மதிலுக்கு அங்காலை ஒரு தவில்காரர் இருக்கிறார். வார் இழுத்து இழுத்துத் தட்டிப் பாப்பார். இறுகின தோலுக்கு ஒரு சத்தம், தொய்ஞ்ச தோலுக்கு ஒரு சத்தம். உந்த வரிசை முழுக்கத் தொய்ஞ்ச சத்தம் அண்ணை. கீழை ஒண்டும் பிடிக்கேல்லை. இவரிட்டைச் சொன்னன். இவர் மாமியிட்டைச் சொன்னார்."

"மாமி?"

"வந்த அண்டைக்கே வீட்டைத் தட்டிப் பழுது பாக்கிறாள் எண்டா. இப்ப அதையும் சாத்திரியாரிட்டைச் சொல்லிப்போட்டா."

"நீர் வடிவாச் சொல்லியிருக்கலாமே, பிழை உம்மிலை இல்லையெண்டு?"

"சொல்லலாம். சொன்னால் பிழை உங்களிலை எண்டு வரும்." வெறும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அதை நான் சொல்லுறது சரியில்லைத்தானே அண்ணை?"

குத்திக் கதைக்கிறாளா, இரங்கிக் கதைக்கிறாளா என்று ஜெறோமுக்குப் பிடிபடவில்லை. ஆறின தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குவளையை நீட்டினார். அவள் வந்த வழியே மதிலோரமாகச் சுற்றிப் போனாள். வாசலறைக் கதவடியில் அவளுடைய சிவப்புப் பை ஏற்கனவே கட்டி வைத்திருந்தது.

ஜெறோம் எழும்பி நின்ற ரைல்ஸை ஒவ்வொன்றாகத் தூக்கினார். கழற்ற வேண்டிய வேலையே இருக்கவில்லை. தூசியில் பூசிய பசை கொங்கிறீற்றைத் தொட்டும் பார்க்கவில்லை. பொரித்த அப்பளம் மாதிரிக் கையோடு வந்தது. நான்காவது ரைல்ஸைத் தூக்கியதும் கீழே, வெடிப்புக்குப் பக்கத்தில், கறுப்பு மாக்கரில், தன்னுடைய கோழிக் கிறுக்கல் அப்படியே இருந்தது.

*ஏப்ரல் 9. வெடிப்பு. நகம் போகுது. ஒரு மாதம் விடவேணும். நேரம் இல்லை. மூடுறன்.*

நகம் போன வெடிப்பில் இப்போது ஒரு ரூபாய்க் குத்திக்காசே போகும்.

ஜெறோம் செய்த முதல் காரியம், அதன்மேல் உட்கார்ந்ததுதான்.

நல்ல நேரம் பார்த்தது மாதிரிப் பூரணம் அக்காவும் வந்தார். "என்ன தம்பி, இளைப்போ?"

"ஓம் அக்கா. கொஞ்சம் இளைப்பு."

"இருந்து ஆறும். இண்டைக்கு முடிச்சுப்போடுவீர்தானே? இதைக் காணக் காண எனக்கு நெஞ்சு பதறுது."

"முடிச்சிடலாம்."

வாளியில் பசை குழைத்து வைத்தாயிற்று. ஒரு சாந்தகப்பை போதும். எழுத்து மறைந்துவிடும், மேலே புது ரைல்ஸ் ஏறிவிடும், நாளைக்குச் சிவப்புப் பை அளவெட்டிக்குப் போய்விடும். புது வீட்டுக்காரர் இருவரும் போன் எடுப்பார்கள். சேலைத் தலைப்பிலிருந்து நூல் வரும். ஜெறோம் சாந்தகப்பை நிறையப் பசையை அள்ளினார். அள்ளிய கை அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் அவருக்கு வயிற்றைப் புரட்டியது. இருபத்தொன்பது வருடத்துக்கு முன் வள்ளத்தில் வந்த அதே புரட்டல். கீழே கொங்கிறீற், கையில் சாந்தகப்பை, கிணற்றடிப் பக்கம் மணலில் யாரோ நடக்கிற சரசரப்பு, அவருக்குக் கீழே இருந்ததெல்லாம் மெல்ல ஆடியது. சத்தி வரப் பார்த்தது.

"அக்கா," என்றார். "கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருக்கால் வாங்கோ."

"ஏன்?"

"வாங்கோவன்."

எழுந்து தள்ளி நின்றார். பூரணம் அக்கா கண்ணாடியை மாட்டி, முழங்காலில் கையூன்றிக் குனிந்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஏப்ரல் ஒன்பது... வெடிப்பு... நகம் போகுது... உது ஆர்ரை எழுத்து?"

"என்ரை."

"மூடுறன் எண்டால்? எதை மூடுறீர்?"

"உதைத்தான்."

பூரணம் அக்கா நிமிர்ந்தார். விரலை மடக்கினார். ஒன்பது, பத்து, பதினொன்று என்று உதடு அசைந்தது. "பிள்ளை வந்தது இருபத்திநாலு," என்றார் தனக்குள்ளேயே. மறுபடியும் முதலிலிருந்து மடக்கிப் பார்த்தார். அந்தக் கணக்குப் பிழைக்க வேண்டுமென்று அவர் கொஞ்சம் ஆசைப்பட்ட மாதிரித் தெரிந்தது. கணக்குப் பிழைக்கவில்லை.

"பிழை என்னிலைதான் அக்கா," என்றார் ஜெறோம். "பழைய கொங்கிறீற் இருந்து இறுகின ஆள். புதுசு காயக் காயச் சுருங்கும். கீழை போட்ட மண்ணும் இன்னும் அமரேல்லை. ரெண்டும் ரெண்டு பக்கம் இழுக்கிற இடத்திலை நான் மேலாலை ஒரே துண்டா ஒட்டிப்போட்டன். வெயிலுக்கு ரைல்ஸ் விரியும். விரிய இடம் விடவேணும். சுவரோரத்திலையும் விடேல்லை, நடுவிலையும் விடேல்லை. நூல் போகாமல் பதிச்சன். போக இடமில்லாமல் மேலை எழும்பிட்டுது." சாந்தகப்பையை வாளிக்குள் போட்டார். "நிலம் நடக்கும் அக்கா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான்."

ஹோல் வாசலில் கோகுலன் நின்றான். குசினிப் பக்கம் மணல் சரசரப்பும் நின்றுவிட்டது.

பிறகு பூரணம் அக்கா வாயைத் திறந்தார். அதில் பாதியை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும். மிச்சப் பாதியில் கடற்காற்று, பாஷையூர், நூல், கட்டார் எல்லாம் வந்தன. "ஊர்க் கண்ணெண்டும், மருமோள்ரை காலெண்டும் நான் சாத்திரியாரிட்டை அலைய, நீர் உதுக்கு மேலை குந்தியிருந்து இளைப்பு ஆறுறீர் என்ன?" என்றார். ஜெறோம் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கினார். ஆச்சரியம், வயிற்றுப் புரட்டல் நின்றிருந்தது.

"அம்மா," என்றான் கோகுலன் நடுவில். அவன் தாயின் பேச்சுக்குள் குறுக்கே விழுந்தது அதுதான் முதல் தடவை. "அப்ப நாளைக்கு அளவெட்டிக்கு..."

"என்ன அளவெட்டி? நிலத்தை உடைச்சுப்போட்டு நிக்கிறாங்கள், வீட்டிலை ஆள் வேண்டாமே? பையை உள்ளை கொண்டுபோய் வை!"

மன்னிப்பு, கண்ணீர் ஒன்றும் இல்லை. பூரணம் அக்காவிடம் அந்தச் சாமான் விற்பனைக்கில்லை. குசினிப் பக்கம் திரும்பி, "பிள்ளை, ஏன் வெயிலுக்கை சுத்துறாய்? இஞ்சாலை வா!" என்று கத்தினார். அவ்வளவுதான். கஜந்தினி குசினி வாசலால் வந்து, கழற்றிப் போட்டிருந்த ரைல்ஸைத் தாண்டி, ஹோலின் நடுவால் நடந்து போய்த் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டாள்.

நிலம் முழுவதையும் ஜெறோம் தன் செலவில் கழற்றினார். ஒரு மாதம் ஹோல் வெறும் கொங்கிறீற்றாகவே கிடந்தது. அவர் பின்னேரங்களில் வந்து வெடிப்பில் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார். அது மேற்கொண்டு விரியவில்லை என்று கண்டபிறகு தூசி போகக் கழுவினார். பழையதும் புதியதும் சந்திக்கிற இடத்தில் ரைல்ஸையும் நேர்கோடாக வெட்டி நிறுத்தி, நடுவில் அமுக்கினால் அமுங்குகிற பசையை நிரப்பினார். மற்றைய மயிர் வெடிப்புகளின்மேல் றப்பர் விரிப்பு ஒட்டினார். ரைல்ஸின் முதுகு முழுக்கப் பசை பூசினார். சுவரோரம் விரலகலம் விட்டு, அதை மறைக்க அடிப்பட்டி ஒட்டினார். ஒவ்வொரு ரைல்ஸையும் பதித்ததும் கஜந்தினியைக் கூப்பிடுவார். அவள் குனிந்து விரலால் தட்டுவாள். "இறுகின சத்தம்" என்றால் அடுத்தது. ஐந்து ரைல்ஸ் திரும்பக் கழன்றன.

முடிந்தபோது இந்த முறை ஜெறோம் நூல் கேட்கவில்லை. பூரணம் அக்கா விடவில்லை. வேண்டுமென்றே சேலைத் தலைப்பிலிருந்து ஒன்றை உருவி இடைவெளியில் தொங்கவிட்டார்.

"நூல் என்ன, கயிறே போகும் போலை கிடக்கு."

"ஓம் அக்கா," என்றார் ஜெறோம். காது சிவந்தது. ஆனால் அது வேறு சிவப்பு.

கோகுலனின் நண்பர் ஒருவர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். மற்றவர் ஒரு மாதம் பொறுத்திருந்து ஜெறோமுக்கே கொடுத்தார். முன்பு பதித்த வீடுகளுக்கும் ஜெறோம் தானாகவே போய்ச் சுவரோரத்தை வெட்டி இடம் விட்டார். மூன்று வீட்டில் ஏச்சு, ஒரு வீட்டில் இடியப்பம். சாமியறையில் கணவாய் உள்ள வீட்டுக்கும் போனார், சுவரோரத்தை மட்டும் வெட்டினார், நடுவில் ஒரு ரைல்ஸைக்கூடத் தூக்கவில்லை. இப்போது அவரை நூல் ஜெறோம் என்று ஒருவரும் சொல்வதில்லை. கயிறு ஜெறோம் என்கிறார்கள்.

பூரணம் அக்காவுக்கு மட்டும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீட்டில் நடக்கிற கெட்டதற்கெல்லாம் யாராவது ஒருவர் பொறுப்பாக வேண்டும். முன்பு அந்த இடம் மருமகளுக்குப் போகப் பார்த்தது. இப்போது அந்த வேலைக்கு நிரந்தரமாக ஒரு ஆள் கிடைத்துவிட்டார், போனிலேயே பிடிக்கலாம்.

"ஜெறோம்! பால் திரைஞ்சு போச்சு."

"அக்கா, பாலுக்கும் எனக்கும்..."

"நேற்று நீர் இஞ்சாலை வந்து போனனீர்தானே? தண்ணி மோட்டரும் வேலை செய்யேல்லை. நீர் கால் வைச்ச நாளிலை இருந்து இந்த வீட்டிலை ஒண்டு மாறி ஒண்டு."

போனுக்குப் பின்னால் குசினியில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. இறுகின சத்தம்.

ஜெறோம் வேறொரு வீட்டின் நிலத்தில் முழங்காலில் இருந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, சுவரோரம் விரலை வைத்து இடைவெளியை அளந்தார்.

"ஓம் அக்கா," என்றார். "என்ரை பிழைதான்."